கிளிஞ்சல் நகரின் சிவப்பு நாற்காலி

அரசாங்கம் மக்களிடம் கேள்வி கேட்பதை நிறுத்தி நாலு வருடம் ஆகியிருந்தது. நிறுத்த வைத்தவள் புள்ளிவிவரத் துறை அதிகாரி பூவிழி. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, அதை மறைத்து வைக்கும் பழக்கமும் அவளுக்குக் கிடையாது.

"மாச வருமானம் என்னன்னு கேட்டா எவன் சார் உண்மையைச் சொல்லுவான்? இருக்கறவன் பயந்துகிட்டுக் குறைச்சுச் சொல்லுவான். இல்லாதவன் கூச்சப்பட்டு ஏத்திச் சொல்லுவான். ரெண்டு பொய்யையும் கூட்டி வகுத்து அதுக்குப் புள்ளிவிவரம்னு பேர் வெச்சிருக்கோம்" என்று அன்றைக்கு ஆய்வுக் குழு முன்னால் போட்டு உடைத்தாள். குழுவில் இருந்த பெரியவர்களுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் சரி என்றார்கள். அப்படிப் பிறந்ததுதான் கேளாக் கணக்கு.

விஷயம் எளிமையானது. கணக்கெடுக்கப் போகிறவரின் சட்டைக் காலரில் பொட்டு அளவு வில்லை ஒன்று இருக்கும். சனங்கள் அதைக் 'கண்ணு' என்றார்கள். அவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, சௌக்கியம் விசாரித்து, எழுந்து வந்தால் போதும். அதற்குள் கூரை, தரை, அடுப்பு, நாற்காலி, மின்விசிறி, குடம் எல்லாவற்றையும் கண் எண்ணி முடித்துவிடும். படம் அந்த நிமிடமே அழிந்துவிடும், எண்ணிக்கையும் குறிப்பும் மட்டும் சென்னைக்கு வரும். அதை வைத்து ஊருக்கு ஒரு படி. முதல் படி என்றால் ஒன்றுமே இல்லாதவர்கள், ஐந்தாம் படி என்றால் கொழுத்தவர்கள். எந்த உதவி எந்த ஊருக்கு என்பதை அந்தப் படியே தீர்மானிக்கும். நடுவில் கவுன்சிலர் கிடையாது, கமிஷன் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலையில் செயலர் மாதவப்பெருமாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார். வழக்கமாகக் காபிக்குக்கூடச் சிரிக்காத மனிதர், அன்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"கிளிஞ்சல் நகரைப் பாத்தியாம்மா? ஒரே தாவா முதல் படியிலேர்ந்து மூணாம் படி! அமைச்சர் குதிக்கிறார். திங்கட்கிழமை அமைச்சரவையில இதைத்தான் முதல்ல சொல்லப்போறார்."

கிளிஞ்சல் நகர் பூவிழிக்குத் தெரியும். கடல் உள்ளே ஏறி வந்து கரையோர ஊர் ஒன்றை விழுங்கியபோது, அந்தச் சனத்தைத் தூத்துக்குடிக்கு மேற்கே ஒரு பொட்டலில் குடியமர்த்தியிருந்தார்கள். தோண்டினால் உப்புத் தண்ணீர், தோண்டாவிட்டால் உப்புக் காற்று. உப்பளத்தில் தினக்கூலி. அவர்கள் எப்படி இப்படிக் கிடுகிடுவென்று ஏறினார்கள்? அவளுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனாலும் தன் கணக்கின் மேல் அவளுக்கே சந்தேகம் வந்தால் எப்படி என்று பேசாமல் வந்துவிட்டாள்.

மத்தியானம் டார்வினிடமிருந்து அழைப்பு வந்தது. கிளிஞ்சல் நகரில் கண்ணை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனவன் அவன்தான்.

"மேடம், மூணாம் படின்னு வந்திருக்கே, வெள்ளிக்கெழமையிலேந்து தண்ணி லாரி வராதாமே? அந்த ஊரு தாங்காது மேடம். அது ஆளில்லாத லாரி. டிரைவர்னு ஒருத்தன் இருந்தாலாவது கையில காலுல விழுந்து கேக்கலாம். இது கணக்கு சொன்னா வரும், சொல்லாட்டா வராது."

"கண் பொய் சொல்லாது டார்வின்."

"கண்ணு பொய் சொல்லல மேடம். நாற்காலி இருந்துச்சு, நானே உக்காந்தேன். ஃபேன் இருந்துச்சு, காத்து வாங்குனேன். கண்ணாடி டம்ளர்ல குடிக்கக் கலர் தண்ணி குடுத்தாவ, குடிச்சேன்."

"எல்லா வீட்லயுமா?"

"நான் போன எல்லா வீட்டுலயும்."

"நாற்காலி என்ன நிறம்?"



"செவப்பு மேடம்."

"எல்லா வீட்லயும் சிவப்பா?"

"ஆமா மேடம்... இப்ப நெனைச்சாத்தான்..."

"அப்ப என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க?"

"வீட்டுக்கு வீடு கலர் குடுத்தா என்ன மேடம் பண்ணச் சொல்லுதிய? பத்து வீடு தாண்டுனதுக்கப்புறம் ஒதுங்க எங்கயாவது எடம் கெடைக்குமான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பூவிழிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. வாரத்துக்கு இரண்டு தடவை லாரியில் வருகிற தண்ணீரில் கலர் கரைத்து அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

கண்கள் அனுப்பியதையெல்லாம் சேர்த்து வைத்து, கேட்டால் பதில் சொல்லும் இயந்திரத்தை அவள் திறந்தாள். புழங்கிய சாமான் ஒவ்வொன்றுக்கும் கீறல், நெளிவு, கறை, ஒட்டு என்று ஏதாவது ஒரு தழும்பு இருக்கும். ஒரே வீட்டை இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாதே என்பதற்காகக் கண் அந்தத் தழும்புகளையும் குறித்துக்கொள்ளும். இரண்டு வீட்டின் சாமான்கள் மொத்தமும் ஒத்துப்போனால்தான் அது கத்தும். ஒரே ஒரு நாற்காலி ஒத்துப்போனால் கண்டுகொள்ளாது. அப்படித்தான் அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"கிளிஞ்சல் நகர்ல எத்தனை நாற்காலி இருக்கு? வீட்டை விடு, தழும்பை மட்டும் பாத்துச் சொல்லு" என்றாள்.

ஒன்று என்றது இயந்திரம். பின்னங்காலில் ஒட்டுப் போட்ட சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. மேசை மின்விசிறியும் ஒன்றே ஒன்றுதான். கண்ணாடி டம்ளர் நாலு. சர்க்கார் ஆள் வருகிறான் என்று தெரிந்ததும் முதல் வீட்டு நாற்காலி இரண்டாம் வீட்டுக்கு ஓடியிருக்கிறது, அங்கிருந்து மூன்றாவதற்கு. வந்தவரைத் தரையில் உட்கார வைக்கக் கூடாது என்ற மரியாதைதான். டார்வின் முன்வாசல் வழியாக வெளியே வர, நாற்காலி பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குள் போயிருக்கிறது. அந்த மரியாதைக்குத்தான் இப்போது தண்ணீர் நிற்கப்போகிறது.

செயலர் அறைக்கு அவள் போன வேகத்தைப் பார்த்து வெளியே இருந்த உதவியாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

"எந்தக் கணக்குலயும் கொஞ்சம் பிசிறு இருக்கத்தான் செய்யும்மா" என்றார் மாதவப்பெருமாள். சிரிப்பு காணாமல் போயிருந்தது. "ஒரு ஊருக்காக அமைச்சர் கிட்ட போய், நீங்க சந்தோஷப்பட்டது ஒரு ஓசி நாற்காலியைப் பாத்துன்னு நான் சொல்லணுமா?"

"ஒரு ஊர் இல்ல சார். மாநிலம் பூரா தழும்பு பாத்தாச்சு. நூத்துக்கணக்கான ஊர்ல நாற்காலி நடந்திருக்கு. அஞ்சாம் படித் தெருக்கள்ல ஒரு ஸ்பூன்கூட வாசல் தாண்டல. நாம தேடுற வித்தியாசம் அதுலதான் சார் இருக்கு. எங்க சாமான் வீடு வீடா போகுதோ, அங்கதான் ஒண்ணும் இல்ல. பொருளுக்கு ஒரு தடவைன்னு எண்ணினா எல்லாம் நேராயிடும். வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திடலாம்."

"மெஷின் சொல்றதை வெச்சு மெஷினைத் திருத்தச் சொல்றே. நாளைக்கு சட்டசபையில கேள்வி வந்தா நான் என்னத்தைக் காட்டுவேன்? நேர்ல போய்ப் பாத்துட்டு வா. பாத்தேன்னு நீ கையெழுத்துப் போடு, அப்புறம் நான் போடறேன்."

"தாராளமா" என்றாள் பூவிழி.

புதன்கிழமை அவள் கிளிஞ்சல் நகரில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. அரசு கட்டிக் கொடுத்த வீடுகள் வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம். முதல் வரிசை ஓரத்தில் தண்ணீர் லாரி நிற்கும் இடம். அதற்குப் பக்கத்து வீட்டிலிருந்து வாட்டசாட்டமான ஓர் அம்மாள் இடுப்பில் சிவப்பு நாற்காலியோடு ஓடி வந்தாள். ராஜகனி என்று டார்வின் அறிமுகம் செய்தான். உப்பளத்தில் கூலிக்கு ஆள் சேர்ப்பவள், அந்த ஊரில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"வாங்க மேடம், வாங்க! வெயில்ல நிக்கியளே, உக்காருங்க மொதல்ல."

பூவிழி உட்காரவில்லை. குனிந்து நாற்காலியின் பின்னங்காலைப் பார்த்தாள். உடைந்த இடத்தில் சூடு காட்டி உருக்கி, தகடு வைத்து, கம்பியால் இறுக்கி அழகாக ஒட்டுப் போட்டிருந்தது. இயந்திரம் சொன்ன தழும்பு அதுதான்.

"அக்கா, இது ஒண்ணுதானா ஊருக்கே?" என்று கேட்டாள்.

ராஜகனிக்கு முகம் கறுத்தது. டார்வினை ஒரு முறை முறைத்தாள். அவன் வானத்தைப் பார்த்தான்.

"தப்புதான் மேடம். தெரியாம செஞ்சிட்டோம். ஒரு ஆபீசர் தம்பி வந்திருக்காவ, தரையிலயா உக்கார வைக்க முடியும்? எங்களுக்குன்னு ஒரு ரோஷம் இருக்கும்லா? அதுக்குப் போயி தண்ணிய நிறுத்தப் போறியளே, இது நாயமா?"

"நிக்காது அக்கா. அதுக்குத்தான் நானே வந்திருக்கேன்."

அவ்வளவுதான், ராஜகனிக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்மா, நீ நல்லா இருப்பே" என்று மரியாதையெல்லாம் மறந்து பூவிழியின் கன்னத்தைத் தடவினாள். அப்புறம் ஊர் முழுக்கக் கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு வீடாகப் பூவிழி ஏறி இறங்கினாள், காலரில் கண் எண்ணிக்கொண்டு வந்தது. ராஜகனி நாற்காலியை விடவே இல்லை. பூவிழி எந்த வீட்டுக்குள் போனாலும் அவள் உட்கார்வதற்குள் நாற்காலி அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க பூவிழிக்கு மனது நிறைந்தது. இப்படி ஓடி ஓடிக் கொடுக்கும் சனத்தைக் கணக்கில் கொண்டுவர ஒரு வழி கண்டுபிடித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

கடைசி வரிசைக்கு வந்தார்கள். வரிசை ஓரிடத்தில் முடிந்து, ஒரு வெற்று மனை கிடந்தது. கருவேலம் மண்டிய அந்த மனைக்கு அப்பால் மூன்று வீடுகள் இருந்தன. பூவிழி மனைக்குள் கால் வைத்தாள். நாலு எட்டு நடந்த பிறகுதான் பின்னால் வந்துகொண்டிருந்த செருப்புச் சத்தம் நின்றுபோனது தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். ராஜகனி மனையின் ஓரத்தில், இடுப்பில் நாற்காலியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்கக்கா."

"அங்க எதுக்கு மேடம்? அவிய எல்லாம் வேலைக்குப் போயிருப்பாவ. பூட்டிக் கெடக்கும்."

கதவுகள் திறந்துதான் இருந்தன. ஒரு வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

பூவிழி கையடக்கத் திரையை எடுத்து, டார்வின் வந்த அன்றைக்கு நாற்காலி போன பாதையைப் பார்த்தாள். வீடு வீடாக ஓடிவந்த கோடு இந்த மனையின் ஓரத்தில், இப்போது ராஜகனி நிற்கிற இடத்தில் நின்றிருந்தது. ஆனால் மனைக்கு அப்பால் இருந்த மூன்று வீடுகளிலும் நாற்காலி இருப்பதாகக் கணக்கில் இருந்தது. மின்விசிறியும் இருந்தது.

"டார்வின், நீங்க இந்த மூணு வீட்டுக்குள்ள போனீங்களா?"

டார்வின் தலையைச் சொறிந்தான். "பூட்டிக் கெடக்குன்னு அக்கா சொன்னாவ மேடம். நானும் வயித்தைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். பூட்டுன வீடுன்னு போட்டுட்டேன்."

பூட்டிய வீட்டைக் கண் எப்படி எண்ணும் என்பது பூவிழிக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த விதியை எழுதியவளே அவள். பூட்டிய வீடு பக்கத்து வீட்டைப் போலத்தான் இருக்கும், அதனால் பக்கத்து வீடுகளின் சராசரியைப் போட்டு நிரப்பு. உலகம் முழுக்கப் புள்ளிவிவரக்காரர்கள் செய்கிற காரியம்தான். ஊர் கொடுக்காத நாற்காலியை அவளுடைய விதி இந்த மூன்று வீட்டுக்கும் கொடுத்துவிட்டிருந்தது. பூவிழிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இதை இப்படியே விட்டுவிட்டுப் போகிற ஆள் அவளில்லை. விறுவிறுவென்று மனையைத் தாண்டினாள்.

முதல் வீட்டு வாசலில் முப்பது வயதுக்காரி ஒருத்தி நெளிந்த அலுமினியப் பானை ஒன்றை மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தாள். பெயர் இசக்கிராணி. கண் பார்த்தது: வீட்டுக்குள் பாய் ஒன்று, அடுப்பு ஒன்று, காலிக் குடங்கள்.

"உக்காரச் சொல்ல நாற்காலி இல்லையே மேடம்" என்றாள்.

"தரை இருக்கே" என்று பூவிழி உட்கார்ந்தாள். "குடமெல்லாம் ஏன் காலியா இருக்கு? நேத்துதானே லாரி வந்துச்சு?"

"வந்துச்சு. ஊரு புடிச்சு முடிச்சதுக்கப்புறம்தான் எங்க மொறை. நேத்து மிச்சமில்ல."

"எப்பவும் இப்படித்தானா?"

"பழைய ஊருல நடுவுல ஒரு வாய்க்கா உண்டு மேடம். அவிய அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். கடல் வந்து ஊரை முழுங்கிட்டு, வாய்க்கா மட்டும் கூடவே வந்துட்டு." அந்த வெற்று மனையைச் சுத்தியலால் சுட்டிக் காட்டினாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

பூவிழி மனையின் அந்தப் பக்கம் பார்த்தாள். ராஜகனி இன்னும் அங்கேயேதான் நின்றாள்.

"அந்த நாற்காலி இந்தப் பக்கம் வந்ததே இல்லையா?"

இசக்கிராணி இப்போது சிரித்தாள்.

"ஏன் வராம? அந்தக் காலுக்கு ஒட்டுப் போட்டது எங்க வீட்டுக்காரருலா. ரெண்டு நாளு இந்தா, இதே வாசல்லதான் கெடந்துச்சு. இந்தப் பானைகூட அவிய வீட்டுப் பானைதான். ஒடைஞ்சா எல்லாம் இங்க வரும் மேடம். உக்கார மட்டும் வராது."

 அந்த நாற்காலியைப் பூவிழி கண்டுபிடித்ததே அந்த ஒட்டை வைத்துத்தான். ஊரைக் காப்பாற்றிய தழும்பு இந்த வீட்டுக்காரன் போட்டது. அவனுடைய குடம் காலியாக இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது ராஜகனிக்கு விஷயம் புரிந்துவிட்டிருந்தது.

"மேடம், இதையெல்லாம் எழுதாதிய. நாங்க தண்ணிதான் கேட்டோம், எங்க வண்டவாளத்தை ஏத்தச் சொல்லல. ஊரு மானம் போயிரும். எந்த ஊருலதான் இது இல்ல?"

"நீங்க சொல்றது சரிதான்" என்றாள் பூவிழி. அங்கேயே மனை ஓரத்தில் நின்றபடி திரையைத் தட்டினாள். நடந்து போன நாற்காலிகள் எல்லாம் எங்கே போய் நின்றன என்று மாநிலம் முழுக்கக் கேட்டாள். பொட்டுப் பொட்டாகத் திரை சிவந்துகொண்டே போனது. ஊருக்கு ஊர், கடைசியில் ஒரு மனை, ஒரு ஓடை, ஒரு சுடுகாட்டுப் பாதை, அதற்கு அப்பால் நாற்காலி போகாத சில வீடுகள். யாரைக் கேட்டிருந்தாலும் இதற்கு யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். நூறு வருடமாக எந்தக் கணக்கிலும் வராதது அவள் உள்ளங்கையில் கிடந்தது.

"எந்த ஊர்லதான் இல்லன்னு கேட்டீங்களே, இந்தா பாருங்க." திரையை ராஜகனியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "உங்க பேரோ, ஊர் பேரோ எங்கயும் வராது. அது என் பொறுப்பு. ஆனா இனிமே படி ஊருக்கு இல்ல, வீட்டுக்கு. நாற்காலி எங்க நிக்குதோ அதுக்கு அடுத்த வீடுதான் முதல் படி. லாரி முதல் படி வாசல்லதான் முதல்ல நிக்கும்."

"ஊரு ஒத்துக்காது மேடம்."

"லாரிக்கு டிரைவர் கிடையாது அக்கா. அதுகிட்ட ஊர் என்ன சொன்னாலும் அதுக்குக் காது கேக்காது."

ராஜகனி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாதவப்பெருமாள் வியாழக்கிழமை முழுக்க முரண்டு பிடித்தார். "அமைச்சர் கிட்ட ஒரு முன்னேற்றத்தைக் காட்டுன்னா, நீ ஒரு அவமானத்தைக் காட்டச் சொல்றியே" என்று புலம்பினார். "அவமானம் நூறு வருஷமா இருக்கு சார். ஆதாரம்தான் இன்னைக்கு வந்திருக்கு. இந்தியாவுல எந்த மாநிலத்துகிட்டயும் இது கிடையாது, நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு" என்றாள் பூவிழி. அந்தக் கடைசி வாக்கியம் அவருக்குப் பிடித்திருந்தது. நாலு தடவை பேனாவைத் திறந்து மூடிவிட்டு, சாயங்காலம் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பூவிழி தன் மேசையில் போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அடித்ததும் எடுத்தாள்.

"மேடம், லாரி வந்துட்டு" என்றான் டார்வின். குரலில் துள்ளல். "மொத வரிசையில நிக்காம நேரா போச்சு மேடம்! ஊரு பூரா கொடத்தைத் தூக்கிக்கிட்டு, நில்லு நில்லுன்னு பின்னாலயே ஓடுச்சு. அது பாட்டுக்கு மனையைச் சுத்திப் போயி இசக்கிராணி வாசல்ல நின்னுட்டு. இப்ப மூணு வீட்டுக்கும் கொடம் ரொம்பிட்டு. ஊரு வரிசையில நிக்குது."

"சண்டை?"

"மொதல்ல சத்தம் போட்டாவ. தண்ணி வேணும்லா, அப்புறம் வரிசைக்கு வந்துட்டாவ. ராஜகனி அக்காவும் வந்திருக்காவ. அதைச் சொல்லத்தான் போன் போட்டேன். நாற்காலியைத் தூக்கிட்டு வந்திருக்காவ மேடம். மனையைத் தாண்டிட்டு! இசக்கிராணி வாசல்ல போட்டுருக்காவ."

பூவிழி எழுந்து நின்றுவிட்டாள். "யார் உக்காந்திருக்கா?"



"ராஜகனி அக்காதான். வரிசை நகர நேரமாகுதுலா, கால் வலிக்குதாம்."

"இசக்கிராணி?"

"பக்கத்துல நிக்குது மேடம்."

பூவிழிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணையும் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"கண்ணு காலர்ல இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அப்ப நாற்காலி வந்திருச்சுன்னு கணக்குல சேந்தாச்சு. இப்படியே விட்டா அந்த வீடு முதல் படி இல்லன்னு ஆயிடும். நீங்க அங்கயே இருங்க டார்வின். அடுத்த தடவை லாரி வர்றப்பவும் போங்க, அதுக்கடுத்த தடவையும் போங்க. இனிமே நாற்காலியை எண்ண வேண்டாம். அதுல யார் உக்காந்திருக்காங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."